இமையில் நிற்காத நிறம்

கடையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். பதினோரு வருஷமாக மேக்கப் கவுன்ட்டரில் நின்று, வருகிறவர்களின் முகத்துக்கு நேராகக் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பிடித்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அடுத்த கவுன்ட்டரில் சென்ட் விற்பவள். எங்களுக்கு நடுவில் ஒரு தூண் மட்டும்தான். அவள் என்னைவிட இரண்டே வயதுதான் பெரியவள். இருந்தாலும் மாடி முழுக்க அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தனியாக என்னத்தைக் கூப்பிட? நானும் அக்கா என்றேன். அவள் என்னை 'சென்ட்டு' என்பாள்.

ஒடிசலான உடம்பு, நாற்பத்து மூன்று வயது. கை மட்டும் அசாத்தியமான கை. யாருடைய இமைக்கு ஐ ஷேடோ நிறம் போட்டாலும் மோதிர விரலால்தான் ஒற்றி எடுப்பாள். "இந்த வெரல்தான் கையிலயே சோம்பேறி. இதுக்கு அழுத்தத் தெரியாது. கண்ணுக்கு அதுதான் வேணும்" என்பாள். வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அவள் ஒரு கண்ணை முடித்துக் கண்ணாடியைக் காட்டியதும் இன்னொரு கண்ணுக்காக உட்கார்ந்துவிடுவார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்பு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அக்கா அவரைக் கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்த்துவிட்டு அங்கிருந்தே கடைக்கு வருவாள். பதினோரு மணிக்கு நாத்தனார் தையல் மெஷினை மூடிவிட்டுப் போய் அவரைக் கூட்டி வருவாள். பிள்ளை குட்டி இல்லை. இந்த மூன்று நாளும் ஓடியது கடையின் மருத்துவ அட்டையால்தான். நிரந்தர ஊழியருக்கு மட்டும் கிடைக்கிற அட்டை அது. அதை அவள் பர்ஸில் வைக்க மாட்டாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருப்பாள்.

எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புது விதி வந்தது. கவுன்ட்டரில் நிற்பவர்கள் நாங்கள் விற்கிற கம்பெனியின் பொருளைத்தான் முகத்தில் போட வேண்டும், காலையில் போட்ட நிறம் மாலை வரை அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எழுத்து மூலம் குறிப்பு. மூன்று குறிப்பு சேர்ந்தால் நிரந்தர வேலை போய்விடும். அதைப் பார்க்கும் பொறுப்பு எங்கள் மாடி மேலாளருக்கு. இரண்டாம் மாடியே தன் பெயரில் பட்டா போட்டது மாதிரி நடப்பார் என்பதால் அவரை மாடிக்காரர் என்போம். நாலு மணி ஆனால் சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச்சை எடுத்துக்கொண்டு வருவார். நாங்கள் வரிசையாக நின்று கண்ணை மூட வேண்டும். டாக்டர் பார்ப்பதுபோல ஒவ்வொரு இமையிலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்.

எங்கள் மாடியில் சின்ன வயதுப் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கும் எப்படியோ தப்பியது, வறண்ட தோல். அக்காவுக்குத்தான் அந்த வருஷம் மாதவிலக்கு நிற்கிற காலம் நெருங்கி உடம்பு மாற ஆரம்பித்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு விரல் விறைக்கும், அவளுக்கு மட்டும் திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறும். நெற்றி, மேலுதடு, இமை எல்லாம் வேர்த்துவிடும். ஒன்பது மணிக்குப் போட்ட ரோஸ் கலந்த பழுப்பு நிறம் பன்னிரண்டு மணிக்குள் இமை மடிப்பில் ஒரு கோடாகச் சேர்ந்துவிடும். மூன்று மணிக்குப் பார்த்தால் அந்தக் கோட்டைத் தவிர ஒன்றும் இருக்காது.

முதல் குறிப்பு வந்த அன்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷமாக மற்றவர்களுக்கு எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "மேல போடறதுல ஒண்ணுமில்லை சென்ட்டு. கீழ என்ன போடறோம்கறதுலதான் இருக்கு. அடியில பேஸ் சரியா இருந்தா மேல இருக்கறது அசையாது" என்றாள். தனக்கான பேஸைத் தேட ஆரம்பித்தாள்.

முகத்துக்குப் போடுகிற ஃபவுண்டேஷனையே இமையிலும் தடவி மேலே பவுடர் ஒற்றுவதுதான் அவள் பழைய முறை. அது இப்போது மத்தியானத்துக்குள் விரிசல் விட்டது. பிறகு கரும்புள்ளியை மறைக்கப் போடுகிற கன்சீலர். அரிசி அளவு எடுத்து, மெல்லிசாகத் தேய்த்து, மூன்று நிமிஷம் காயவிட்டுப் போட்டாள். ஒரு மணி வரை நின்றது, பிறகு நிறத்தோடு சேர்ந்து தானும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கிற கண்ணாடி மாதிரியான ஒரு ஜெல், வேறு கம்பெனியுடையது, திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தாள். வேர்வை கீழே இருந்து கிளம்பியதும் அது ரப்பர் தேய்த்த தூள் மாதிரி உருண்டு உருண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று வாசலின் தடவிய நாளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கடை திறந்து அரை மணி நேரத்தில் நிறம் கன்னத்துக்கு வந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அன்று மாலை இரண்டாவது குறிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவள் இந்த விஷயத்தில் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே கம்பெனி, நிறத்துக்கு அடியில் தடவுகிற ஒரு புதுப் பிரைமரை அனுப்பியது. ஐ ஷேடோ பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே சந்தன நிறத்தில் கெட்டியான பசை. பெண்கள் அதற்குக் 'கோந்து' என்று பேர் வைத்தார்கள். மூடியைத் திறந்தாலே என் கவுன்ட்டர் வரை வாசனை வரும். நாளெல்லாம் சென்ட்டில் நிற்கிற எனக்கே அது அதிகமாகத் தெரிந்தது. கண்ணுக்குப் போடுவதில் எதற்கு இவ்வளவு வாசனை என்று அக்காவிடம் கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அது நின்றது. முதல் நாள் நாலு மணிக்கு மாடிக்காரர் டார்ச் அடித்துவிட்டு, "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது" என்றார். காலையில் பார்த்த அதே பழுப்பு, அதே அளவு.

ஐந்தாம் நாள் இமை அரித்தது. ஏழாம் நாள் சிவந்து தடித்தது. பத்தாம் நாள் இமைத் தோல் மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பித்தது. உரிந்த தோலின் மேல் மறுபடியும் கோந்து, அதன் மேல் நிறம். கண்ணை மூடித் திறக்கும்போது எரிகிறது என்றாள். மாடிக்காரரிடம் போய்ச் சொன்னாள். இன்னும் இரண்டு பெண்களுக்கும் லேசாக அரிப்பு இருந்தது, ஆனால் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி எல்லாவற்றையும் சோதனை பண்ணித்தான் அனுப்புகிறது, உங்கள் வயசில் தோல் அப்படித்தான் இருக்கும், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டாராம். கொஞ்ச நாள் கண்ணுக்கு ஒன்றும் போடாமல் நிற்கலாமா என்று கேட்டதற்கு, அப்படியானால் மூன்றாவது குறிப்பு தானாக விழும், என் கையில் இல்லை என்றுவிட்டார்.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோந்து இத்தனை விற்க வேண்டும் என்று அவர் தலைக்கு மேலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் அக்கா எப்படி இருந்தாள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நிற்பாள். கைக்குட்டையால் இமைக்கு விசிறிக்கொண்டே, "இந்த வேலை போச்சுன்னா அவர் போயிருவார் சென்ட்டு" என்பாள். அழ மாட்டாள். அழுதால் நிறம் கலையும்.

கடைசியில் வழி கிடைத்தது மருந்துக் கடையில். உரிந்த இமைக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு மருந்துக் கடைக்காரர் வேர்க்குருவுக்குப் போடுகிற ரோஸ் நிற லோஷன் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். கண்ணுக்குள் போகாமல் லேசாகத் தடவச் சொன்னார். காலையில் பஞ்சுக் குச்சியால் தடவிக்கொண்டாள். காய்ந்ததும் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரிப் படிந்தது. நேரமாகிவிட்டதால் கழுவாமல் அதன் மேலேயே நிறத்தை ஒற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று வேர்வை வந்தபோது அந்த வெள்ளைப் பூச்சு அதைக் குடித்துக்கொண்டது. நிறம் அசையவில்லை. நாலு மணிக்கு டார்ச் வந்தது, போனது. தூணுக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து தினமும் லோஷன்தான். காலிக் கோந்துக் குப்பியைத் தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வாள், தான் போட்டது அதுதான் என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும் என்று. இமை மெல்ல ஆறியது.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். முப்பது வயது இருக்கும். இடது கண் இமையும் புருவத்தின் பாதியும் தீக்காயத்தில் வெந்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் பளபளவென்று, நிறம் வேறாக இருந்தது. நாலு வருஷம் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை என்றும், திங்கட்கிழமை ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலைக்குச் சேரப்போவதாகவும் சொன்னாள். இமையில் என்ன போட்டாலும் ஒரு மணி நேரத்தில் அழிந்து அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது, நாள் முழுக்க நிற்கிற மாதிரி அடியில் போட ஏதாவது வேண்டும் என்றாள்.

"அழகா இருக்கணும்னு இல்லைங்க. வர்றவங்க ரெண்டாவது தடவை திரும்பிப் பாக்காம இருந்தா போதும்."

அக்கா அவளை உட்கார வைத்தாள். கன்சீலரை எடுத்தாள், வைத்தாள். வேறொன்றை எடுத்தாள். அதற்குள் மாடிக்காரர் அந்தப் பக்கமாக வந்து, புதுப் பிரைமரைக் காட்டலாமே என்று சிரித்தபடி நின்றுவிட்டார். நகரவில்லை. அக்கா கோந்தைத் திறந்தாள். மோதிர விரலால் அந்த ஒட்டுத் தோலில் மிக மெல்லியதாகத் தடவி, இரண்டு நிறங்களைக் கலந்து ஒற்றி, கண்ணாடியைக் காட்டினாள். உண்மையிலேயே இரண்டு இமையும் ஒன்றுபோல் இருந்தன. அந்தப் பெண் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கறதும் இதேதானா?"

மாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தூணுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "இதேதான். காலையில போட்டது."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். அக்கா அன்று வேறு யாருக்கும் கண்ணுக்கு நிறம் போடவில்லை. தலைவலி என்றாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் பின்னாலேயே லிஃப்ட் வரை நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நேராக அக்காவிடம் வந்து கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் முழுவதுமாக மூடியிருந்தது. ஒட்டிய தோல் வீங்கி, ஓரத்தில் நீர் வடிந்தது. சண்டை போட வந்தவள் மாதிரித் தெரியவில்லை. பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து கவுன்ட்டரில் வைத்தாள். மூடியை இறுக்க மூடி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள்.

"நான்தான் தப்பா போட்டுட்டேனான்னு கேக்க வந்தேன். நீங்க காமிச்ச மாதிரி மெல்லிசாத்தான் போட்டேன். அரிச்சப்ப, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, நம்ம தோல்தான் பழகலைன்னு நெனச்சு இன்னும் நாலு நாள் போட்டேன்."

அவள் வேலைக்கு ஆறு நாள்தான் போயிருந்தாள். ஆறியதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். கண் டாக்டர், இதில் என்னென்ன கலந்திருக்கிறது, வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று விசாரித்து வரச் சொல்லியிருந்தார்.

மாடிக்காரர் புகார்ப் புத்தகத்தோடு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அக்காவைத் தள்ளிக் கூப்பிட்டுக்கொண்டுபோய் என் கவுன்ட்டர் பக்கம் நின்று, தாழ்ந்த குரலில், தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். வாடிக்கையாளர் அளவுக்கு அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறார், காயம்பட்ட தோலில் போடக் கூடாது என்று விற்கும்போதே சொல்லப்பட்டது. இந்த இரண்டு வரி, கீழே கையெழுத்து.

அக்கா பேனாவை வாங்கினாள். திறந்தாள். மூடினாள். "முகம் கழுவிட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓய்வறைக்குப் போனாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. பதினோரு வருஷத்தில் கடைக்குள் அவளை அப்படி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இமைகள் கறுத்து, ஓரங்களில் இன்னும் செதில் செதிலாக இருந்தன. கையில் அந்த ரோஸ் நிற லோஷன் பாட்டில். மாடிக்காரரைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் எதிரே நின்றாள்.

"நான் அன்னைக்குப் போட்டிருந்தது இது இல்லைங்க. இந்த லோஷன். என் கண்ணும் அந்தக் குப்பியாலதான் இப்படி ஆச்சு, உங்களுக்கு விக்கறதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுதான் வித்தேன்."

அந்தப் பெண் அவளுடைய இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சேவா?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"அதை எழுதிக் குடுங்க."

அக்கா புகார்ப் புத்தகத்தை இழுத்து எழுதினாள். தேதி போட்டு, தன் கண்ணில் என்ன நடந்தது, எத்தனையாவது நாள் உரிந்தது, யாரிடம் சொன்னாள், பிறகு யாருக்கு விற்றாள் என்று எல்லாம். கார்பன் நகலைக் கிழித்துக் கொடுத்தாள். மாடிக்காரர் தடுக்கவில்லை. சுற்றிலும் வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

பிறகு மாடிக்காரர் தன் அறைக்குக் கூப்பிட்டு, உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா, வீட்டுக்காரர் நிலைமை உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாராம். "தெரியும் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மேலிடத்தில் பேச வேண்டும், கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் நடந்ததை அவள் பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னாள். வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்வார் என எதிர்பார்த்தாயா என்று நான் கேட்டேன். சத்தியமாக எதிர்பார்த்தேன் என்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாராம். பிறகு, "உன் மனசு சுத்தமாயிருச்சு. என் ரத்தத்தை யாரு சுத்தம் பண்ணுவா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த அறையில் மெஷின் சத்தம் நின்றது. நாத்தனார் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். எதற்கெடுத்தாலும் அண்ணியோடு மல்லுக்கு நிற்கிறவள். அன்று, "நாளைக்குக் காலையில அரசாங்க ஆஸ்பத்திரியில அண்ணன் பேரை எழுதிட்டு வரேன் அண்ணி. ரேஷன் கார்டு எங்க வச்சிருக்கீங்க?" என்றாள். காலை நாலரைக்கே எழுந்து போய்விட்டாள். வரிசையில் எண்பத்திரண்டாவது ஆளாம். பெயர் எழுதினார்கள், எப்போது படுக்கை கிடைக்கும் என்று சொல்லவில்லை.

மூன்று நாள் கடையிலிருந்து செய்தி வரவில்லை. புதன்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போனபோது, அங்கே இருக்கிற பெண் எண்ணைக் கணினியில் தட்டுகிற அந்த இரண்டு நிமிஷமும் அக்கா காலி உறையைப் பிடித்தபடி நின்றாளாம். அன்று அட்டை வேலை செய்தது. வெள்ளிக்கிழமை செய்யுமா தெரியாது. வீட்டுக்காரர் அந்த மூன்று நாளும் அவளோடு பேசவில்லை. டாக்டர் சொன்ன கணக்குப்படி தண்ணீரை அளந்து டம்ளரில் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார், டம்ளரைத் தரையில் வைப்பார். மாத்திரையைக் கேட்க வேண்டுமென்றால் தங்கையைக் கூப்பிடுவார். வியாழக்கிழமை மத்தியானம் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "அந்த ரெண்டு வரியை எழுதியிருக்கலாம்ல சென்ட்டு? எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள். வாடிக்கையாளர் வருகிறார் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் அட்டை வேலை செய்தது. அன்றே கடையில் கூப்பிட்டார்கள். வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பெண் நகலோடு கோர்ட்டுக்குப் போவாள், அக்காவும் சாட்சிக்குப் போவாள் என்று மேலிடத்தில் பயந்திருக்கிறார்கள். அப்படிப் பயம் காட்டியது மாடிக்காரர்தான் என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். உண்மையா தெரியாது. நான் அவரிடம் கேட்டபோது, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். மூன்றாவது குறிப்புக்குப் பதிலாக ஒரு மாற்றல் உத்தரவு. சொந்த விருப்பத்தின் பேரில் கிடங்குக்குப் போவதாக அதில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

கிடங்கு ஊழியருக்கு அட்டை வேறு. அதில் வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ்தான் உண்டு. இது அவளுக்குத் தெரிந்தது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மையத்தில் கணினி முன்னால் இருக்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபோதுதான். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். யார் யாரிடமோ கேட்டிருக்கிறாள். பிறகு திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அரசாங்க ஆஸ்பத்திரி. நாத்தனார் விடியற்காலையில் போய் இடம் போட்டு வைப்பாள். சில வாரம் படுக்கை கிடைக்கும், பல வாரம் கிடைக்காது. கிடைக்காத வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குக் கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே இருப்பார். அக்கா காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். குழி விழும். அந்தக் குழி மேலே எழும்பி வருவதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

கிடங்கு தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. திரும்பி வருகிற சரக்கைப் பிரித்து, உடைந்ததையும் நல்லதையும் தனித்தனியாகக் கட்டுவது அவள் வேலை. இரண்டு மாதம் கழித்துக் கோந்துக் குப்பிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கீழே வந்தன. வேறு ஊர்க் கடைகளிலும் புகார் வந்து கம்பெனி திரும்பக் கேட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பெட்டிகளுக்கு டேப் ஒட்டியது அக்காதான். மேலே கூப்பிட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போய், இனி உன்னை மாடிக்கே கூப்பிடுவார்கள் பார் என்றேன். "நீ ஒரு வெகுளி சென்ட்டு" என்றாள். கூப்பிடவில்லைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் அவள் மடியில் இருக்கும்போது, அவராகவே பேச்சை எடுத்தார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சரியாயிருச்சா?"

"தெரியலைங்க."

"விசாரிச்சிருக்கலாம்ல. இவ்வளவும் அவளுக்காகத்தானே."

எந்தப் பல் ஆஸ்பத்திரி என்று அந்தப் பெண் சொல்லியிருக்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். கடைக்கு இரண்டு பஸ் நிறுத்தத்துக்குள் இருக்கிற பல் ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் மூன்றில் இல்லை. நாலாவது ஒரு மாவு மில்லுக்கு மேலே, குறுகலான படி. நான் படியிலேயே நின்றுகொண்டேன். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது.

அவள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. இமையில் எதுவும் போட்டிருக்கவில்லை. ஒட்டிய தோல் முன்பைவிடக் கொஞ்சம் கறுத்து, சுருங்கியிருந்தது. அக்கா போய் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் இருந்த கிழவரும் ஒரு தாயும் குழந்தையும் உள்ளே போனபிறகு எழுந்து மேஜை முன்னால் நின்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குப் படியிலிருந்தே தெரிந்தது.

பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அக்கா வெளியே வந்தாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

கண் சரியாகிவிட்டதா என்று கேட்டாளாம். மூன்று வாரம் ஆனது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தோல்தான் கொஞ்சம் இழுத்துக்கொண்டது என்று அந்தப் பெண் சொன்னாளாம். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் டாக்டர் சரியான மருந்து கொடுத்தார் என்றும் சொல்லியிருக்கிறாள். பிறகு, "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். பல் காட்ட வந்தவர்களிடம் கேட்கிற அதே குரலில்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன்."

படி இறங்கும்போது அவளுக்கு அந்தச் சூடு ஏறியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியிலும் இமையிலும் வேர்த்து வழிந்தது. முந்தானையை எடுத்து முகம் முழுவதையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவருக்குத் தண்ணீர் கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.